இர்ஷாத்தின் சாவி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் முதல் நாளே ஒரு தாள் தந்திருப்பார்கள். நம்முடைய நிரல் களஞ்சியத்துக்கு எப்படிப் போவது என்பது அதில் இருக்கும். உங்கள் இரகசியச் சாவிக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் ஜம்ப் ஹோஸ்டில் வைக்கக்கூடாது என்று நான்காவது வரியில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏன் என்று போட்டிருக்க மாட்டார்கள். அந்த வரி என்னால் வந்தது. ஓய்வு பெற்றவள்தானே, இனி எதையும் துணிந்து சொல்லலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவள். கண்டிக்கு வந்து தரவு பதியும் வேலையில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, ஒன்பது வருடம் நம் கந்தோரில் ஒரு குழுவுக்குத் தலைவியாக இருந்தேன். ஐந்து பேர் கொண்ட குழு. வைத்தியசாலை மருந்தகங்களில் மருந்துப் போத்தலுக்கு லேபல் அடிக்கும் மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் பொறுப்பு. நோயாளியின் நிறையைப் போட்டால் எவ்வளவு மருந்து கொடுக்கவேண்டும் என்று கணக்கிட்டு லேபலில் அச்சடித்துத் தரும்.

அதன் நிரல் முழுவதும் கொழும்பில், எங்களுக்கு வேலை தந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்தது. வெளியிலிருந்து அந்தக் களஞ்சியத்தை நேராகத் தொட முடியாது. நடுவில் ஒரு கணினி காவலுக்கு நிற்கும். முதலில் அதற்குள் போய், அங்கிருந்துதான் களஞ்சியத்துக்குப் போகவேண்டும். அதுதான் ஜம்ப் ஹோஸ்ட். இன்று நீங்கள் உங்கள் மடிக்கணினியில் ஒரே கட்டளை தட்டி அதைக் கடந்து போகிறீர்கள். நீங்கள் யாரென்று களஞ்சியத்துக்குக் காட்டும் சாவிக் கோப்பு உங்களிடமே இருக்கிறது, நடுவில் உள்ள கணினி வழி மட்டும் விடுகிறது. முறை அதுதான். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஐந்து பேரும் ஒரே பயனர் கணக்கில் ஜம்ப் ஹோஸ்டுக்குள் நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தோம். பல வருடம் அப்படியே போயிற்று.

இர்ஷாத் எங்களிடம் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. கலகெதரவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். எதையும் வாசிக்காமல் தட்டமாட்டான். முதல் வாரத்திலேயே தன் மடிக்கணினியிலிருந்தே ஜம்ப் ஹோஸ்டைக் கடந்து களஞ்சியத்துக்குப் போகும் முறையை அமைக்கப் பார்த்தான். ஏதோ பிழை வந்து மறுத்துக்கொண்டே இருந்தது. அன்று ஒரு திருத்தத்தை மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. நான் பொறுமையிழந்துபோனேன்.

“தம்பி, ஒன்னோட சாவிய ஜம்ப் ஹோஸ்ட்லயே வச்சுட்டு அங்கருந்து வேலையப் பாரு. பொறவு சரி பண்ணிக்கலாம்.”

“மிஸ், இரகசியச் சாவிய அங்க வைக்கிறது சரியா? எல்லாரும் வாற கணக்குதானே அது?”

“பரவால்ல, நான் சொல்றேன்ல. சாவிக்குப் போட்ட கடவுச்சொல்லயும் எடுத்துரு. நிரல தானா அனுப்புற ஸ்கிரிப்ட் ஓடுறப்ப கேட்டுக்கிட்டே நிக்கும்.”

அவன் அப்படியே செய்தான்.

அவனுடைய அமைப்புக் கோப்பில் களஞ்சியத்துக்கான பயனர் பெயர் விடுபட்டிருந்தது. பிழை அவ்வளவுதான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து அவனே கண்டுபிடித்து, தன் மடிக்கணினியிலிருந்து முறையாக வேலை செய்யத் தொடங்கினான். அப்போது கேட்டான்: “அங்க ஈக்கிற என்ட சாவிய எடுத்துரவா மிஸ்?” வேண்டாம், ஸ்கிரிப்ட் நின்றுவிடும், இருக்கட்டும் என்றேன். அதற்குள் எங்கள் எல்லோருக்கும் அந்தச் சாவி பழகிவிட்டது. ஜம்ப் ஹோஸ்டில் இருந்து யார் எதை அனுப்பினாலும் அதுவே தானாகப் பயன்பட்டது. களஞ்சியத்தின் பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் இர்ஷாத் என்று விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

எட்டு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை காலை வைத்தியசாலை ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. சிறுவர் வார்டில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு அடித்த லேபலில், அரை மில்லிலீட்டர் என்று வரவேண்டிய இடத்தில் ஐந்து மில்லிலீட்டர் என்று வந்திருக்கிறது. தாய் போத்தலைத் திறந்து மருந்தை ஊற்றவும் தொடங்கிவிட்டாள். அந்த வழியாக வந்த தாதி ஒருவர் கரண்டியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாதி அந்த நேரம் வேறு கட்டிலுக்குப் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தப் பிழை எங்களுக்குப் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தோம். களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால் திருத்தம் அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு யாரோ பிரதான கிளையின் மேல், அதாவது வைத்தியசாலைகளுக்குப் போகும் நிரலின் மேல், பழைய நிரலை வலுக்கட்டாயமாக ஏற்றியிருந்தார்கள். மாலையில் அது வழக்கம்போலத் தானாக வைத்தியசாலைகளுக்குப் போய்விட்டது.

விடுமுறை நாள் என்றும் பாராமல் இர்ஷாத் ஓடிவந்தான். முழு நிரலும் அவனுடைய மடிக்கணினியில் பத்திரமாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான். மருந்தகங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்து, வெள்ளி மாலையிலிருந்து அடித்த லேபல்களைத் திருப்பி எடுக்கச் சொன்னோம். போகும்போது அவன் சொன்னான்: “அல்ஹம்துலில்லாஹ் மிஸ், புள்ளைக்கு ஒண்டும் ஆகல்ல.”

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். திரையில் கொழும்பு நிறுவனத்தின் அதிகாரி. இந்தப் பக்கம் எங்கள் முகாமையாளர், நான், இர்ஷாத். அதிகாரி பதிவேட்டைத் திறந்து காட்டினார். வெள்ளி, பன்னிரண்டு நாற்பது, பயன்பட்ட சாவி இர்ஷாத்தினுடையது.

தான் அந்த நேரம் ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் இருந்ததாக அவன் சொன்னான். கட்டளையை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றார் அதிகாரி. அந்தச் சாவி ஜம்ப் ஹோஸ்டில் இருக்கிறது, குழுவில் எவரும் பாவிக்கலாம் என்றான் இர்ஷாத்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இரகசியச் சாவியை அங்கே வைக்கச் சொன்னது யார், அது விதிக்கு மாறென்று தெரியாதா என்று கேட்டார்.

இர்ஷாத் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் முகாமையாளரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு நியாயம் ஓடியது. ஓய்வுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது என்பதும் கூடவே ஓடியது. லயத்துப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று ஊரில் என்னைப் பற்றிப் பேசுவார்கள், அதுவும் ஓடியது. எல்லாம் சேர்ந்து ஐந்து வினாடி இருக்கும். அதற்குள் அதிகாரி அடுத்ததைப் பேசத் தொடங்கிவிட்டார். விசாரணை முடியும்வரை இர்ஷாத் வேலைக்கு வரக்கூடாது என்று முடிவாயிற்று. அவன் தன் மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கூட்டம் முடிந்த பிறகும் நான் முகாமையாளரிடம் போகவில்லை. முதலில் இதைச் செய்தவரைக் கண்டுபிடிப்போம், பிறகு பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜம்ப் ஹோஸ்டின் பதிவில், அந்த நேரம் எங்கள் கந்தோரிலிருந்து யாரோ நுழைந்தது மட்டும் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதால் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மற்ற மூவரிடமும் கேட்டேன். மூவரும் அந்த நேரம் சாப்பாட்டு அறையில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மடிக்கணினியைத் திறந்தேன். நான் தட்டும் கட்டளைகளையும் வரும் பதில்களையும் கோப்பில் சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வெள்ளிக்கிழமைக் கோப்பை எடுத்து, பன்னிரண்டு மணிக்குப் பிறகு உள்ளதை வரி வரியாக வாசித்தேன்.

அது அங்கே இருந்தது.

அன்று ஒரு மருந்தகத்தின் முறைப்பாட்டைச் சோதிப்பதற்காக, சோதனைப் பிரதியில் பழைய நிரலை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜம்ப் ஹோஸ்டில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று உண்மையானது, மற்றது சோதனைக்கு. பெயரில் கடைசி நாலு எழுத்துத்தான் வித்தியாசம். நான் உண்மையானதற்குள் இருந்திருக்கிறேன். சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, வலது கையில் சோறும் இடது கையில் விசைப்பலகையுமாக இருந்தேன். களஞ்சியம் முதல் தடவை மறுத்திருக்கிறது. இதைவிடப் புதிய நிரல் அங்கே இருக்கிறது என்ற காரணம் அடுத்த வரியிலேயே இருக்கிறது. நான் அதை வாசிக்கவில்லை. வலுக்கட்டாயமாக ஏற்று என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி தட்டியிருக்கிறேன். ஏறிவிட்டது. சோதனைப் பிரதிக்குத்தான் போனது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்திருக்கிறேன்.

அந்தக் கரண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை இர்ஷாத் தலையைத் திருப்பிப் பார்த்ததும் கண்முன்னே வந்தது.

புதன்கிழமை காலை முகாமையாளரின் அறைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோப்பைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார்.

“கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ அக்கா. இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“இல்லீங்க.”

அவர் மடிக்கணினியை மூடி என் பக்கம் தள்ளினார்.

“கொழும்பில அவங்களுக்கு ஒரு பேர் வேணும். பேர் குடுத்தாச்சு. இப்ப போய், அது இவர் இல்லை, குழுத் தலைவிதான் எண்டு சொன்னா, முழுக் கந்தோரையும் நம்பமாட்டாங்கள். ஒப்பந்தம் போனா எத்தினை பேர் வீட்ட போகவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும். நாலு மாசத்தில நீங்களும் போகப்போறியள். இர்ஷாத் இளம் ஆள், கெட்டிக்காரன். வேற இடத்தில வேலை எடுக்க நல்ல கடிதம் ஒண்டு நானே எழுதிக் குடுக்கிறன்.”

“கடிதத்த யார்கிட்டங்க காட்டுவான்? ஏன் அங்கருந்து வந்தேன்னு கேட்டா என்னா சொல்லுவான்?”

“ஒரு நாள் யோசியுங்கோ” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தன் கந்தோரில் உள்ளவர்களைக் காப்பாற்றப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று பகல் முழுவதும், கடிதம் எப்படி எழுதினால் அவனுக்கு உதவும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன்.

மூன்று மணிபோல இர்ஷாத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தன் கையில் பாதியில் நிற்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எதை யாரிடம் கொடுக்கலாம் என்றும் குறித்திருந்தான். குற்றச்சாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் இப்படி இருந்தது: “ஜம்ப் ஹோஸ்டில் என் சாவி இன்னும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள் மிஸ். யாராவது தெரியாமல் பாவித்துவிட்டால் அவர்களுக்கும் பிரச்சினை வரும்.”

அவர்களுக்கும் பிரச்சினை வரும் என்று எழுதியிருந்தான். தன் பெயரைக் கெடுத்தவர் யாரென்று தெரியாத நிலையில், அவருக்காகவும் கவலைப்பட்டிருந்தான்.

முதலில் அந்தச் சாவியை அழித்தேன். ஸ்கிரிப்ட் நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன். பிறகு உட்கார்ந்து கொழும்பு அதிகாரிக்கும் முகாமையாளருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினேன். கட்டளை தட்டியது நான். சாவியை அங்கே வைக்கச் சொன்னது நான். அவன் தயங்கிக் கேட்டபோது கடவுச்சொல்லையும் எடுக்கவைத்தது நான். பிறகு எடுக்கவா என்று கேட்டபோது தடுத்ததும் நான். கூட்டத்தில் சாவியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்ததும் நான்தான். அந்த வெள்ளிக்கிழமைக் கோப்பையும் இணைத்தேன். வியாழன் காலை, அனுப்புவதற்கு முன் முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நான் அனுப்பப் போறேங்க.”

“அனுப்புங்கோ அக்கா” என்றார்.

ஒப்பந்தம் போகவில்லை. ஆனால் இரண்டு வாரம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் ஒவ்வொரு மேசையையும் குடைந்தார்கள். என்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இர்ஷாத் மீதான தடை கடிதம் போன அந்த வியாழன் மாலையே நீங்கியது. ஆனால் அவன் வேலைக்கு வரவில்லை. நான் எடுத்த அழைப்புகளுக்கும் பதிலில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் வத்தேகமவிலிருந்து கண்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறி, கலகெதரவுக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் அவனுடைய தகப்பனார் நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னேன். முகம் மாறியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார்.

“அன்டக்கி நான் கிளினிக்குக்கு டவுனுக்கு வந்தீந்தேன். ஜும்ஆவுக்கு நானும் மகனும் பக்கத்துல பக்கத்துலதான் நிண்டோம். நான் வந்து சாட்சி செல்றேன் எண்டேன். வேணாம் வாப்பா, மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும், அவங்க செல்லுவாங்க எண்டான். திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் அதத்தான் செல்லிட்டீந்தான்.”

இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இர்ஷாத் உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“மெனேஜர் அனுப்பின ஒங்கட கடிதம் பாத்தேன் மிஸ்.”

“மன்னிச்சிரு இர்ஷாத். ஒம் பேர்ல நான் செஞ்சிட்டேன்.”

“அது பிழ. பிழ எல்லாரும் செய்றதுதான், நாளைக்கு நானும் செய்வேன். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல.” என்னை நேராகப் பார்த்தான். “திங்கக்கிழம நான் ஒங்களப் பாத்தேன். தட்டினது ஆருன்டு அப்ப ஒங்களுக்கும் தெரியா. ஆனா, சாவிய வைக்கச் செல்லினது நீங்கன்டு தெரியும்தானே. அத மட்டும் செல்லீக்கலாம்.”

“பயந்துட்டேன்” என்றேன். சொல்வதற்கு வேறு உண்மை என்னிடம் இல்லை.

“வெளங்குது மிஸ்” என்றான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து அவனுடைய உம்மா தேத்தண்ணி அனுப்பியிருந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அடுத்த வாரம் அவன் திரும்பி வந்தான். வருவதற்கு முகாமையாளரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். ஜம்ப் ஹோஸ்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும், எவருடைய இரகசியச் சாவியும் அங்கே இருக்கக்கூடாது. கொழும்பும் சம்மதித்தது. பிரதான கிளைக்குப் பூட்டுப் போட்டதும், இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் ஏறக்கூடாது என்று ஆக்கியதும் அவன்தான். கடைசி நாலு மாதமும் நான் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, மருந்தகங்களிலிருந்து வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதினேன். அவன் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு நாளும் பேசவில்லை. முன்பு போலச் சிரித்துப் பேசியதும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தவறு நடக்கும், அதைச் சரிசெய்ய வழிகளும் இருக்கும். எங்கள் களஞ்சியம் முக்கால் மணி நேரத்தில் பழையபடி ஆயிற்று. கூட்டத்தில் நான் பேசாமல் இருந்த அந்த ஐந்து வினாடியை மட்டும் எந்தப் பிரதியிலிருந்தும் திருப்பி எடுக்க முடியவில்லை. அவசரத்தில் விதியை மீறச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு ஒரு நாள் வரும். அப்படிச் சொன்னால், சொன்னது நான்தான் என்று அன்றே எழுதி வையுங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர் அதைச் சுமக்கக்கூடாது.

என் கடைசி வேலை நாளன்று, பிரியாவிடைக் கேக்கை வெட்டி முடித்த பிறகு, இர்ஷாத் என் மேசைக்கு வந்தான்.

“ஒங்கட கணக்க எடுக்கோணும் மிஸ். நீங்களும் பக்கத்துல இருந்து பாத்தா நல்லம்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜம்ப் ஹோஸ்டில் இருந்து என் பெயரை எடுத்தான். களஞ்சியத்தில் இருந்தும் எடுத்தான். பிறகு என் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொன்னான். பல வருடமாகத் தட்டிய கட்டளையைத் தட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரே வரி வந்து நின்றது. இந்த முறை அதை முழுதாக வாசித்தேன்.

இர்ஷாத்தும் குனிந்து வாசித்தான்.

“சரி மிஸ்” என்றான். “இனி ஒங்கட பேர்ல ஆரும் உள்ளுக்குப் போக ஏலாது.”